ஆக்கவுரிமை: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பட்டறை வைத்திருப்பவர்கள், தோட்டக்காரர்கள், பல்கலைக்கழக மாணவர்கள், வெளிநாட்டிலிருந்து முதல் போட விரும்பும் உறவினர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றுசேர்த்திருக்கிறேன். சட்ட விவரங்கள் இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தை ஒட்டியவை. விண்ணப்பம் போடும் கட்டத்துக்கு வந்துவிட்டால் இந்தத் துறை தெரிந்த சட்டத்தரணி ஒருவரைப் பார்க்காமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

ஆக்கவுரிமை என்றால் சுருக்கமாக என்ன?

பேட்டன்ட் என்று எல்லாரும் சொல்வதுதான். கண்டுபிடித்தவருக்கும் அரசுக்கும் இடையில் நடக்கும் கொடுக்கல் வாங்கல் அது. அந்தத் தொழில் தெரிந்த இன்னொருவர் வாசித்துவிட்டுத் தானே செய்யக்கூடிய அளவுக்கு உங்கள் கண்டுபிடிப்பை ஒளிவுமறைவில்லாமல் எழுதிக் கொடுக்கவேண்டும். அதற்குப் பதிலாக, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு உங்கள் அனுமதியில்லாமல் வேறு எவரும் அதை வியாபாரத்துக்காகச் செய்யவோ விற்கவோ இறக்குமதி செய்யவோ முடியாதபடி அரசு உங்களுக்கு உரிமை தருகிறது. 20 ஆண்டு முடிந்ததும் அது ஊர்ச் சொத்து.

இந்த ஒப்பந்தத்தில் முதல் பாதியைப் பலர் கவனிப்பதில்லை. எழுதிக் கொடுப்பதுதான் விலை. யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை அந்தப் பாதிதான் மிகப் பெரிது என்பது என் எண்ணம். ஏன் என்பதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் எங்கட சனம் எத்தனையோ கண்டுபிடித்தது. அப்ப எந்த ஆக்கவுரிமை இருந்தது?

நியாயமான கேள்வி. ஆக்கவுரிமை இருந்தால்தான் மனிதன் கண்டுபிடிப்பான் என்று எவராவது சொன்னால், 1990களின் யாழ்ப்பாணமே அதற்கு மறுப்பு. போர்க்காலத் தடையால் மின்சாரம் இல்லை, பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை. ஜாம் போத்தலுக்குள் மண்ணெண்ணெயில் நனைந்த பஞ்சு, மேலே ஒரு சின்னத் திரி. அந்த வெளிச்சத்தில் ஒரு தலைமுறை சோதனைக்குப் படித்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டார்கள். சில துளி பெற்றோலில் இயந்திரத்தைத் தொடக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி மோட்டார் சைக்கிளையும் தண்ணீர்ப் பம்பையும் ஓட்டினார்கள். தேவைதான் அதையெல்லாம் செய்வித்தது. எவரும் உரிமை கேட்கவில்லை. பார்த்தவர் பார்த்தபடி செய்தார்கள், அதனால்தான் குடாநாடு முழுவதும் பரவியது.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. மண்ணெண்ணெயில் ஓடுவதற்கு முதல் முதல் காபுரேற்றரில் கைவைத்த மெக்கானிக் யார்? எந்த அளவில் துளை மாற்றினார்? எந்த இயந்திரத்தில் சரிவந்தது, எதில் பிஸ்டன் இறுகியது? எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. பெற்றோல் திரும்பி வந்ததும் அந்த அறிவு அவரவர் கையோடு நின்றுவிட்டது. அதே காலத்தில் வேறொரு நாட்டில் ஒருவர் எரிபொருளை மாற்றி ஓட்டும் ஒரு கருவியைப் பதிவு செய்திருந்தால், அதன் வரைபடம் இன்றும் இணையத்தில் கிடக்கும். யாரும் எடுத்து வாசிக்கலாம், அதற்கு மேல் கட்டலாம்.

இரண்டாவது காரணம் காசு. முதல் மாதிரியை ஆர்வத்திலும் அவசரத்திலும் செய்துவிடலாம். அது நூறு தோட்டத்தில் பழுதாகாமல் ஓடும் பொருளாக வருவதற்கு அச்சு, உதிரிப்பாகம், பரிசோதனை, திருத்தம் என்று செலவு வந்துகொண்டே இருக்கும். அந்தச் செலவை ஒருவர் செய்து முடித்த அடுத்த மாதமே பக்கத்துப் பட்டறை அதே பொருளைப் பாதி விலைக்கு விற்கலாம் என்றால், செலவழிக்க எவர் முன்வருவார்? ஆக்கவுரிமையின் ஊக்கம் பெரும்பாலும் வேலை செய்வது இந்த இடத்தில்தான், யோசனை பிறக்கும் கணத்தில் அல்ல.

20 வருடம் ஒருவர் கையில் பூட்டி வைத்தால் மற்றவர்களின் கண்டுபிடிப்புத் தடைப்படாதா?

தடைப்படலாம். தடைப்பட்டும் இருக்கிறது. ஜேம்ஸ் வாட் நீராவி இயந்திரத்துக்கான தனி ஒடுக்கிக்கு, அதாவது நீராவியை வேறொரு கலத்தில் குளிரவைக்கும் அமைப்புக்கு, 1769இல் உரிமை பெற்றார். 1775இல் பிரித்தானியப் பாராளுமன்றம் அதை 1800 வரை நீட்டிக் கொடுத்தது. அந்த நீட்டிப்பு இருந்ததால்தான் போல்ட்டன் என்ற தொழிலதிபர் அவருடன் கூட்டுச் சேர்ந்து முதல் போட்டார், இயந்திரம் சுரங்கம் சுரங்கமாகப் போனது. அதே உரிமையை வைத்துத்தான் அவர்கள் இருவரும் போட்டியாக இயந்திரம் கட்டியவர்களை நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். 1800க்குப் பிறகு உயர் அழுத்த இயந்திரங்கள் வேகமாக வளர்ந்தன. ஒரே உரிமை, இரண்டு விளைவும்.

பெட்ரா மோசர் என்ற பொருளாதார ஆய்வாளர் 1851இல் லண்டனில் நடந்த பெரிய கண்காட்சி போன்றவற்றில் காட்சிக்கு வந்த பொருட்களை நாடு நாடாக ஒப்பிட்டுப் பார்த்தார். அப்போது ஆக்கவுரிமைச் சட்டம் இல்லாத சுவிற்சர்லாந்து போன்ற நாடுகளிலும் கண்டுபிடிப்புகள் தாராளமாக இருந்தன. ஆனால் அவை விஞ்ஞானக் கருவிகள், உணவு பதனிடல் போன்ற துறைகளில் குவிந்திருந்தன: இரகசியத்தைக் காப்பாற்றக்கூடிய, பார்த்து நகல் எடுப்பது கடினமான துறைகள். பிரித்தால் உள்ளே இருப்பதெல்லாம் தெரிந்துவிடும் இயந்திரங்களில் அந்நாட்டவர் அவ்வளவாக இறங்கவில்லை. ஆக்கவுரிமை கண்டுபிடிப்பின் அளவைவிடத் திசையைத்தான் கூடுதலாக மாற்றுகிறது என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

உரிமையை எடுத்துவிட்டுத் திறந்துவிடவும் வழி உண்டு. கார்களில் இன்று நாம் போடும் மூன்று புள்ளி ஆசனப்பட்டியை வொல்வோ கம்பனியின் நில்ஸ் போலின் 1959இல் உருவாக்கினார். உரிமையைக் கையில் வைத்துக்கொண்டே மற்றக் கம்பனிகளும் பயன்படுத்தலாம் என்று வொல்வோ விட்டுக்கொடுத்தது.

எதற்கெல்லாம் ஆக்கவுரிமை கிடைக்கும்?

மூன்று நிபந்தனை. உலகில் எங்கும் அதுவரை வெளிவராத புதுமையாக இருக்கவேண்டும். அந்தத் துறை தெரிந்தவருக்கு உடனே தோன்றிவிடாத ஒரு படி மேலே இருக்கவேண்டும். கைத்தொழிலிலோ விவசாயத்திலோ செய்து பயன்படுத்தக்கூடியதாக இருக்கவேண்டும்.

ஒடியல், பினாட்டு, பனங்கட்டி போன்ற பனைப் பண்டங்கள் எதற்கும் எவரும் உரிமை கோரமுடியாது. அவை காலங்காலமாக ஊரறிந்தவை. ஆனால் பனம்பழக் களியின் கைப்புச் சுவையை நீக்க முன்பில்லாத ஒரு செய்முறையைக் கண்டுபிடித்தால் அதற்குக் கோரலாம். களிக்கு அந்தச் சுவையைத் தருவது பிளபெலிபெரின் என்ற சேர்வை. அதை நீக்குவதற்கு நொதியங்களை வைத்து இலங்கை ஆய்வாளர்கள் முன்பே வேலை செய்திருக்கிறார்கள். உங்கள் முறை அதிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்பதைக் காட்டவேண்டியது உங்கள் பொறுப்பு.

விஞ்ஞானக் கொள்கைகள், கணித முறைகள், வியாபாரத் திட்டங்கள், விளையாட்டு விதிகள், நோயாளிக்குச் செய்யும் சிகிச்சை முறைகள், தாவரங்கள், விலங்குகள் ஆகியவற்றுக்குக் கிடையாது. கணினி நிரலைப் பதிப்புரிமை காக்கிறது.

விண்ணப்பத்தில் எது முக்கியம்? படம் கீறிக் கொடுத்தால் போதாதா?

போதாது. உரிமைக்கோரிக்கை என்று ஒரு பகுதி இருக்கிறது; உங்கள் வேலி எங்கே ஓடுகிறது என்று சொல்லும் வாக்கியங்கள் அவை. நல்ல கண்டுபிடிப்புகள் பல இந்த வாக்கியங்களில்தான் தோற்றுப்போகின்றன. ஒரு கற்பனை உதாரணத்தில் பார்ப்போம்.

ஒடியலுக்குப் பனங்கிழங்கைத் தோல் உரித்து, நீளவாக்கில் இரண்டாகக் கிழித்துக் காயவைக்கிறோம். கையால் கிழிப்பதுதான் மெனக்கெட்ட வேலை. ஒருவர் இதற்கு இயந்திரம் செய்கிறார் என்று வைப்போம். இரண்டு றப்பர் உருளைகள் கிழங்கை இழுத்துக்கொண்டுபோய் ஒரு நிலையான கத்தியில் கொடுக்கின்றன. கிழங்கு ஒன்று பெருவிரல் தடிப்பு, இன்னொன்று அதில் பாதி, நுனியோ இன்னும் மெல்லியது. அதனால் உருளைகளின் இரு பக்கமும் சுருள்வில் பூட்டி, எந்தத் தடிப்பு வந்தாலும் கிழங்கின் நடு கத்திக்கு நேரே வரும்படி செய்துவிட்டார். அவருடைய உண்மையான கண்டுபிடிப்பு அந்தச் சுருள்வில் ஏற்பாடு.

அவர் தானே எழுதினால் பெரும்பாலும் இப்படித்தான் எழுதுவார்: "அரைக் குதிரைவலு மோட்டாரும், 3 அங்குல றப்பர் உருளைகள் இரண்டும், 4 சுருள்வில்லும், துருப்பிடிக்காத உருக்குக் கத்தியும் கொண்ட பனங்கிழங்கு கிழிக்கும் இயந்திரம்." இதை வாசித்த போட்டியாளர் மோட்டாருக்குப் பதில் கைபிடி போடுவார், றப்பருக்குப் பதில் மரம் போடுவார், வேலிக்கு வெளியே நின்று அதே இயந்திரத்தை விற்பார். மறுபக்கம், "கிழங்கு வகைகளைக் கிழிக்கும் எந்த இயந்திரமும்" என்று எழுதினால் மரவள்ளி வெட்டும் பழைய இயந்திரம் ஒன்றைக் காட்டியே பரிசோதகர் நிராகரிப்பார்.

சரியான வாக்கியம் இடையில் இருக்கிறது: "எதிரெதிரே அமைந்த இரு ஊட்டும் உறுப்புகளும், அவற்றின் நடுக்கோட்டில் நிலையாகப் பொருத்திய வெட்டும் விளிம்பும், ஊட்டப்படும் கிழங்கின் தடிப்பு மாறினாலும் இரு உறுப்புகளும் நடுக்கோட்டிலிருந்து சம தூரத்தில் விலகும்படி அவற்றை இணைக்கும் மீள்தன்மையுள்ள அமைப்பும் கொண்ட சாதனம்." மோட்டாரும் இல்லை, அங்குலமும் இல்லை. அவற்றைப் பின்வரும் துணைக்கோரிக்கைகளில் சேர்க்கலாம். இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அனுபவமுள்ள ஒருவருக்குக் காசு கொடுக்கச் சொல்கிறேன்.

முகப்புத்தகத்தில் வீடியோ போட்டுவிட்டேன். முற்றவெளிக் கண்காட்சியிலும் வைத்தேன். இனி முடியாதா?

இலங்கையில் இன்னும் வழி இருக்கலாம். விண்ணப்பிப்பதற்கு முந்திய ஓராண்டுக்குள் நீங்களே வெளிப்படுத்தியதைச் சட்டம் உங்களுக்கு எதிராக எடுப்பதில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் இதேபோல ஓராண்டுச் சலுகை உண்டு. ஐரோப்பாவில் அந்தக் கதவு ஏறக்குறைய மூடியே இருக்கிறது: விண்ணப்பத்துக்கு முதல் நாள் போட்ட வீடியோவும் புதுமையைக் கெடுத்துவிடும். பிரான்ஸ், ஜேர்மனிச் சந்தைகளை மனதில் வைத்திருப்பவர் முதலில் விண்ணப்பத்தைப் போடட்டும், பிறகு வீடியோவைப் போடட்டும். முதலீட்டாளரிடம் காட்டுவதானால் இரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிட்டுக் காட்டுங்கள். சொந்த மாமாவாக இருந்தாலும் வாங்குங்கள். பின்னால் மனஸ்தாபம் வராது.

இலங்கையில் எடுத்தால் கனடாவிலும் செல்லுமா?

செல்லாது. ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனியாக எடுக்கவேண்டும். உலக ஆக்கவுரிமை என்று ஒன்று கிடையாது, தருவதாகச் சொல்லிக் காசு கேட்பவரை நம்பாதீர்கள். இங்கே விண்ணப்பித்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் வெளிநாட்டில் விண்ணப்பித்தால், இங்கே போட்ட திகதியே அங்கும் கணக்கில் எடுக்கப்படும். ஆக்கவுரிமை ஒத்துழைப்பு உடன்படிக்கையில் இலங்கை 1982இல் சேர்ந்தது. அதன் வழியாக ஒரு விண்ணப்பம் போட்டு, எந்தெந்த நாட்டில் செலவழிப்பது என்ற முடிவை முதல் திகதியிலிருந்து பொதுவாக 30 மாதம் வரை தள்ளிவைக்கலாம். அந்த இடைவெளியில் பொருள் விலைபோகுமா என்று பார்த்துக்கொள்ளலாம்.

வெளிநாட்டு உறவினர் காசு போடும்போது ஒன்றைத் தெளிவாக வையுங்கள். கண்டுபிடிப்பாளர் என்ற இடத்தில் கண்டுபிடித்தவரின் பெயர்தான் வரவேண்டும். முதல் போட்டவருக்கு உரிமையில் பங்கை எழுத்தில் கொடுக்கலாம்.

அப்படியானால் வெளிநாட்டில் உரிமை பெற்ற பொருளை நாங்கள் இங்கே செய்யலாமா?

இலங்கையில் அந்த உரிமை பதிவாகவில்லை என்றால் இங்கே செய்யலாம், இங்கே விற்கலாம். உரிமை உள்ள நாட்டுக்கு ஏற்றுமதி செய்யமுடியாது, அவ்வளவுதான். உலகில் பதிவாகும் ஆக்கவுரிமைகளில் மிகச் சிறிய பகுதியே இலங்கைக்கு வருகிறது. காலம் முடிந்தவை அந்தந்த நாட்டில் எல்லாருக்கும் திறந்தவை. ஆராய்ச்சிக்காக மட்டும் செய்து பார்ப்பதை, உரிமை உயிரோடு இருக்கும்போதும் நமது சட்டம் தடுப்பதில்லை.

இது எவ்வளவு பெரிய செல்வம் என்று நம் பட்டறைகளுக்கு இன்னும் தெரியவில்லை என்பது என் பெரிய கவலை. ஆக்கவுரிமைகளைத் தேடும் இணையத்தளங்களான கூகுள் பேட்டன்ட்ஸ், எஸ்பாசெனெற், பேட்டன்ற்ஸ்கோப் மூன்றும் இலவசம். வெங்காயம் தரம்பிரித்தல், தும்பு அடித்தல், உவர்நீரைச் சுத்திகரித்தல் என்று தேடிப் பாருங்கள். அளவோடு, படத்தோடு, ஏன் அப்படிச் செய்தார்கள் என்ற விளக்கத்தோடு ஆயிரக்கணக்கில் வரும். ஆங்கிலம் தடையாக இருந்தால் படங்களிலிருந்து தொடங்குங்கள். லேத்தில் வேலை செய்பவருக்குப் படமே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

எதிர்த்திசையில் போன கதையும் நம் வயல்களில் நின்றது. லாண்ட்மாஸ்டர் என்று நாம் சொல்லும் இருசில்லு உழவு இயந்திரத்தை 1950களில் வடிவமைத்தவர் றே விஜேவர்தன என்ற இலங்கையர். பிரித்தானியக் கம்பனி ஒன்று அதைத் தயாரித்து விற்றது. இங்கே தொழிற்சாலை இல்லாத ஒருவருடைய வடிவமைப்பை வேறொரு நாட்டின் தொழிற்சாலை எடுத்துச் செய்வதற்கு, எழுத்தில் இருக்கும் உரிமைதான் பாலம்.

எங்கள் பரம்பரை வைத்தியத்தை வெளிநாட்டுக் கம்பனி பதிவு செய்தால்?

மஞ்சளுக்கே நடந்தது. புண் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995இல் அமெரிக்காவில் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்துக்கு ஆக்கவுரிமை கொடுக்கப்பட்டது. இந்தியாவின் விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சி மன்றம் அதை எதிர்த்தது. "எங்கள் பாட்டிமாருக்குத் தெரியும்" என்று சொன்னால் எடுபடாது. பழைய நூல்களையும் பழைய ஆய்வுக் கட்டுரைகளையும் ஆதாரமாகக் கொடுத்தார்கள். 1997இல் உரிமை நீக்கப்பட்டது. பிறகு இந்தியா பாரம்பரிய அறிவுக்கென்று ஒரு மின்னூலகத்தையே கட்டி, சித்த மருத்துவ நூல்களையும் அதில் சேர்த்து, வெளிநாட்டுப் பரிசோதகர்கள் தேடிப் பார்க்க வழிசெய்தது.

யாழ்ப்பாண அரசர் காலத்து மருத்துவ நூல்களான பரராசசேகரமும் செகராசசேகரமும் நம்மிடம் இருக்கின்றன. அச்சில் வந்தவை பாதுகாப்பானவை. ஏட்டிலும் வைத்தியர் வாயிலும் மட்டும் இருப்பவைதான் ஆபத்தில் இருக்கின்றன: களவுபோனால் நிரூபிக்க ஆதாரம் இல்லை, களவுபோகாவிட்டாலும் அவரோடு போய்விடும். கைதடியில் சித்த மருத்துவம் கற்பிக்கும் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கும்போது, முறிவு வைத்தியரும் விஷகடி வைத்தியரும் வாழும் காலத்திலேயே அவர்களுடைய முறைகளைத் திகதியோடு பதிந்து வைப்பது செய்யக்கூடிய வேலை. ஒரு குடும்பம் இரகசியமாகவே வைத்திருக்க விரும்பினால் அதுவும் அவர்கள் உரிமை. வெளியிடப்படாத தகவல் என்ற வகையில் சட்டம் ஓரளவு பாதுகாக்கும், ஆனால் வெளியே கசிந்த பிறகு திருப்பி அடைக்கமுடியாது.

என்னுடையது இயந்திரம் இல்லை. பனங்கட்டியும் மிளகாய்த்தூளும் விற்கிறேன். எனக்கு என்ன?

பெயருக்கும் சின்னத்துக்கும் வியாபாரக் குறி: 10 ஆண்டு, பிறகு எத்தனை தடவையும் புதுப்பிக்கலாம். பனங்கட்டி வைக்கும் ஓலைக் குட்டானின் புது வடிவத்துக்கு அல்லது போத்தலின் தோற்றத்துக்குக் கைத்தொழில் வடிவமைப்பு: 5 ஆண்டு, இரண்டு முறை நீட்டலாம். உறையில் உள்ள படத்துக்கும் எழுத்துக்கும் பதிப்புரிமை, பதியாமலே உண்டு.

ஊர்ப் பெயருக்கு வேறு வழி. இலங்கைக் கறுவாவுக்கு 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் புவியியல் குறியீட்டுப் பாதுகாப்பு, அதாவது அந்த இடத்துப் பொருளுக்கு மட்டுமே அந்தப் பெயர் என்ற பாதுகாப்பு, கொடுத்தது. அதே ஆண்டு நமது சட்டமும் அத்தகைய குறியீடுகளைப் பதிவதற்காகத் திருத்தப்பட்டது. கறுத்தக்கொழும்பான் மாம்பழத்துக்கும் யாழ்ப்பாணத்துப் பனங்கட்டிக்கும் ஏன் முடியாது? தனி ஒருவரால் முடியாது. தரத்தை எழுதி, எல்லையைக் குறித்து, செய்பவர்கள் சங்கமாகச் சேர்ந்து கேட்கவேண்டும். பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கும் ஊரில் அதற்கு அடித்தளம் ஏற்கனவே போட்டிருக்கிறது.

வேலை செய்யும் இடத்தில் கண்டுபிடித்தால் உரிமை யாருக்கு?

கண்டுபிடிப்பதே உங்கள் வேலையாக இருந்தால், வேறு உடன்பாடு இல்லாதவரை முதலாளிக்கு. மாணவர்கள் தங்கள் பல்கலைக்கழகத்தின் புலமைச் சொத்துக் கொள்கையை ஆய்வு தொடங்கும்போதே கேட்டு வாசியுங்கள்.

ஒருவர் நகல் எடுத்துவிட்டால் அரசு பிடிக்குமா?

நீங்கள்தான் வழக்குப் போடவேண்டும், அதுவும் கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றத்தில். செலவும் அலைச்சலும் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. பருத்தி விதை நீக்கும் இயந்திரத்துக்கு 1794இல் அமெரிக்காவில் உரிமை பெற்ற எலி விட்னியை எல்லாரும் நகல் எடுத்தார்கள். அவர் 1807இல் வழக்கில் வெல்லும்போது உரிமைக் காலமே முடியும் தறுவாயில் இருந்தது. கையில் பத்திரம் இருப்பதால் மட்டும் காசு வராது.

சிறிய பட்டறைக்கு நான் சொல்லும் வழி: நகல் எடுக்கக்கூடிய பெரிய தயாரிப்பாளரிடம் முதலில் நீங்களே போய், ஒரு இயந்திரத்துக்கு இவ்வளவு என்று அனுமதிக் கட்டணம் பேசுங்கள். உரிமைப் பத்திரம் உங்களை அந்த மேசையில் சமமாக இருத்தும். வழக்குப் போடும் பலம் இல்லாதவருக்கும் அந்த மேசை கிடைக்கும்.

மருந்துக்கும் இப்படி உரிமை கொடுப்பது சரியா?

இந்த இடத்தில்தான் எனக்கும் மனம் இரண்டாகிறது. புது மருந்தைக் கண்டுபிடித்துப் பரிசோதித்து முடிக்கும் செலவு மிகப் பெரிது, நகல் எடுப்பதோ சுலபம். உரிமை இல்லாவிட்டால் தனியார் எவரும் இறங்கமாட்டார்கள். உரிமை இருந்தால் ஏழை நோயாளிக்கு விலை எட்டாது. இன்சுலினுக்கான உரிமையை அதைக் கண்டுபிடித்த பான்ரிங்கின் குழுவினர் 1923இல் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டொலருக்கு விற்றார்கள். அந்தப் பெருந்தன்மையை எல்லாரிடமும் எதிர்பார்க்கமுடியாது என்பதால்தான், பொதுநலன் கருதி உரிமையாளரின் சம்மதம் இல்லாமலே உற்பத்திக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரம் சட்டங்களில் வைக்கப்பட்டிருக்கிறது. 2001இல் டோஹாவில் உலக வர்த்தக அமைப்பு நாடுகள் அந்த அதிகாரத்தை உறுதிப்படுத்தின. அது இருக்கவேண்டும், தேவைப்படும்போது தயங்காமல் பயன்படுத்தவும் வேண்டும்.

எங்கே தொடங்குவது?

ஒரு கட்டுக்கொப்பி வாங்குங்கள். கழற்றிச் செருகும் தாள் வேண்டாம். செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் திகதியோடு எழுதி, படம் கீறி, சரிவராததையும் எழுதுங்கள். பிறகு மேலே சொன்ன தளங்களில் தேடுங்கள். நீங்கள் செய்தது போலவே ஒன்று வந்தால், அலைச்சல் மிச்சம், அதிலிருந்து முன்னே போகலாம். வராவிட்டால் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தின் விண்ணப்பப் படிவத்தையும் அன்றைய கட்டண அட்டவணையையும் எடுங்கள். 1979ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான இலங்கைக் கண்டுபிடிப்பாளர் ஆணைக்குழுவிடமும் உதவி கேளுங்கள். உரிமை கிடைத்த பிறகு ஆண்டுக் கட்டணத்தைத் தவறவிட்டால் அது காலாவதியாகிவிடும். திகதியைக் கலண்டரில் குறித்து வையுங்கள்.